பந்தாட்டத் திடலில் விளைந்த அறநிதி – பகுதி 4: ஜிம்மி என்று அழைக்கப்பட்ட சிறுவன்

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்கூற்றியல் மருத்துவராக, அதாவது திசுக்களையும் இறந்தோரின் உடல்களையும் ஆராய்ந்து நோயின் இயல்பைக் கண்டறிபவராக, பணியாற்றிவந்த சிட்னி ஃபார்பர், 1947-ஆம் ஆண்டின் கடைசி வாரங்களில், லுகேமியா எனப்படும் இரத்தப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கு அமினாப்டெரின் என்னும் புதிய மருந்தைச் செலுத்தத் தொடங்கிய வரலாறு சென்ற பகுதியில் சொல்லப்பட்டது.

ஃபோலிக் அமிலம் என்பது உடலில் புதிய அணுக்கள் உண்டாவதற்கு இன்றியமையாத ஒரு சத்து. அதைக் கொடுத்தபோது புற்றணுக்கள் இன்னும் விரைவாகப் பெருகியதைக் கண்ட ஃபார்பர், அதே அமிலத்தைப் போலத் தோற்றமளித்து அணுக்களை ஏமாற்றி அவற்றின் பெருக்கத்தை நிறுத்தும் ஒரு பொருள் கிடைத்தால் நோயை அடக்கலாம் என்று கருதினார். நியூயார்க் மாநிலத்தின் லெடர்லி ஆய்வகத்தில் யெல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு அத்தகைய பொருளை உருவாக்கி அவருக்கு அளித்தது. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1923-இல் பாஸ்டன் வந்து சேர்ந்த சுப்பாராவ், ஹார்வர்டில் உயிர்வேதியியல் ஆய்வுகளில் பெயர் பெற்ற பிறகு 1940-இல் லெடர்லிக்குச் சென்றவர் என்பதும் முன்னரே குறிக்கப்பட்டது.

மருந்து வேலை செய்தது. ஆனால் அந்த வெற்றி நிலைக்கவில்லை. வீங்கிய வயிறு வடிந்து, எழுந்து நடந்து, விளையாடத் தொடங்கிய குழந்தைகள் சில மாதங்களில் மீண்டும் நோயுற்றார்கள். மருத்துவர்கள் நோய்த் தணிவு என்று குறிப்பிடும் அந்த இடைக்காலத்தை நீட்டிக்க வேண்டுமானால் மருந்தை மாற்றி மாற்றிப் பார்க்கவும், குருதியை நாள்தோறும் சோதிக்கவும், பயிற்சி பெற்ற பணியாளர்களை அமர்த்தவும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தனியொரு கட்டடம் எழுப்பவும் வேண்டியிருந்தது.

இவற்றுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதே இந்தப் பகுதியின் பொருள்.

*

அமெரிக்காவில் அந்நாளில் நோய் ஒன்றுக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டுவதற்கு ஒரு முன்மாதிரி ஏற்கெனவே இருந்தது. இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்த குடியரசுத் தலைவர் ஃபிராங்கிளின் ரூஸ்வெல்ட், 1938-இல் அந்நோயை எதிர்க்கத் தேசிய அறக்கட்டளை ஒன்றை நிறுவியபோது, வானொலி வழியாக விடுக்கப்பட்ட ஒரே வேண்டுகோளுக்கு இணங்கி மக்கள் பத்து சென்ட் நாணயங்களை உறைகளில் இட்டு வெள்ளை மாளிகைக்கே அஞ்சலில் அனுப்பினார்கள். பெருஞ்செல்வர்களின் காசோலைகளை மட்டுமே நம்பியிருந்த மருத்துவ ஆய்வுக்கு எளியோரின் சில்லறையும் அடித்தளமாக முடியும் என்பது அப்போது தெளிவாயிற்று.

புற்றுநோய்க்கு அந்த வழி எளிதில் திறக்கவில்லை. அந்நோயின் பெயரைப் பொதுவெளியில் சொல்லவே பலர் தயங்கினார்கள். வீட்டில் ஒருவருக்கு அது வந்தால் அண்டை அயலாருக்குத் தெரியாமல் மறைக்கும் வழக்கமும் இருந்தது.

ஆனால் இந்தத் தயக்கத்தைவிடக் கொடிய தடை வேறொன்று இருந்தது. இளம்பிள்ளை வாதத்தின் சுவரொட்டிகளில் ஊன்றுகோலுடன் நின்று புன்னகைத்த குழந்தைகள் உயிரோடு இருந்தவர்கள். அவர்களைப் பார்த்த எவரும் தம் நாணயம் ஒரு குழந்தையை நடக்க வைக்கும் என்று நம்ப முடிந்தது. லுகேமியாவுக்கோ அப்படி ஒரு குழந்தையைக் காட்ட இயலவில்லை. இன்று படம் பிடிக்கப்படும் குழந்தை, சுவரொட்டி அச்சாகி வருவதற்குள் இறந்துவிடக்கூடும் என்னும் நிலையே ஃபார்பரின் மருத்துவமனையில் இருந்தது. நிதி திரட்டும் முயற்சியின் பின்னால் நின்ற இந்த உண்மையை விளங்கிக்கொள்ளாமல், 1948-ஆம் ஆண்டு மே மாதத்தில் நடந்ததன் முழுப் பொருளையும் அறிய முடியாது.

*

ஃபார்பருக்கு முதலில் கை கொடுத்தவர்கள் திரைப்படத் தொழிலைச் சேர்ந்தவர்கள். பிட்ஸ்பர்க் நகரில் 1927-இல் திரையரங்குத் தொழிலினர் பதினொரு பேர் கூடித் தொடங்கிய வெரைட்டி கிளப் என்னும் நட்பு மன்றம், அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் தங்கள் திரையரங்கு ஒன்றில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பெண்குழந்தையை ஏற்று வளர்க்க முன்வந்ததிலிருந்து, குழந்தைகள் நலனையே தன் பணியாகக் கொண்டது. சர்க்கஸ் மரபைப் பின்பற்றி ஒவ்வொரு கிளையையும் கூடாரம் என்று அழைத்த இம்மன்றம் விரைவில் பல நகரங்களுக்குப் பரவிற்று.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் அமைந்த ஆறு மாநிலங்களுக்கு நியூ இங்கிலாந்து என்று பெயர்; பாஸ்டனே அதன் தலைமை நகரம். அங்கிருந்த கிளையினர், தாங்கள் தாங்கி நிற்கத் தகுந்த ஓர் அறப்பணியைத் தேடிக்கொண்டிருந்தபோது ஃபார்பரைச் சந்தித்தார்கள். குழந்தைகள் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1947-இல் உருவானது. கிளையின் நிர்வாகியான பில் கோஸ்டர், மேடை அறிந்தவர்களுக்கே உரிய நுண்ணுணர்வோடு ஒன்றை உணர்ந்தார்: நுண்ணோக்கியையும் சோதனைக் குழாயையும் காட்டி மக்களின் நெஞ்சைத் தொட முடியாது, அவர்களுக்கு ஒரு குழந்தையைக் காட்ட வேண்டும்.

பேசக்கூடிய, ஓரளவு நலம் பெற்றுவரும், வானொலியின் முன் கலங்காத ஒரு குழந்தை தேவைப்பட்டது. கனடா எல்லையை ஒட்டிய மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், ஸ்வீடனிலிருந்து குடியேறியவர்களின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்திருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் தெரிவு செய்யப்பட்டான். அவனுக்கு வந்திருந்தது லுகேமியா அன்று. குடற்பகுதியில் தோன்றிய லிம்ஃபோமா, அதாவது நிணநீர் மண்டலத்தைப் பற்றும் புற்று. மருந்துக்கு அவன் உடல் இணங்கிவந்தது. லுகேமியாக் குழந்தைகளின் மீட்புக்காகத் தொடங்கிய ஒரு முயற்சிக்கு வேறொரு நோயுடைய சிறுவனே முகமாக நேர்ந்ததற்கு, மேலே சொல்லப்பட்ட கொடிய உண்மையே காரணமாக இருந்திருக்க வேண்டும்.

அவன் இயற்பெயர் வெளியிடப்படவில்லை. நோயாளியின் மறைவுரிமையைக் காப்பதில் உறுதியாக இருந்த ஃபார்பரின் விருப்பப்படி அவனுக்கு ஜிம்மி என்னும் பெயர் சூட்டப்பட்டது. ஒரு குழந்தையின் துன்பத்தை நாடறியச் செய்து பணம் திரட்டலாமா என்னும் கேள்வி எக்காலத்துக்கும் உரியது. நோயை அறிவித்து ஆளை மறைத்த இந்த ஏற்பாடு, அன்றிருந்த வழிகளுள் மிக நேர்மையானது என்றே கொள்ள வேண்டும். அச்சிறுவன் பிற்காலத்தில் விளம்பரத்தின் நிழல் படாமல் தன் வாழ்க்கையை வாழ முடிந்ததற்கு அந்தத் திரையே துணை நின்றது.

*

அந்தச் சிறுவனின் உள்ளம் முழுவதையும் நிறைத்திருந்தது பேஸ்பால் ஆட்டம்.

பேஸ்பால் என்பது ஒன்பது பேர் கொண்ட இரண்டு அணிகள் மாறி மாறி மட்டை பிடித்து ஆடும் ஆட்டம். பந்தெறிபவர் வீசும் பந்தை அடித்துவிட்டு, சாய்சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் ஓடிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம் கிடைக்கும். கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளர் நிற்கும் இடத்தையொட்டி, மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர் கேட்சர் எனப்படுவார்.

ஆட்ட விதிகளைவிட இந்த வரலாற்றுக்கு முதன்மையானது ஆட்டக் காலத்தின் அமைப்பு. அக்காலத்தில் ஒவ்வோர் அணியும் ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை 154 ஆட்டங்கள் ஆடியது. அதாவது ஐந்தரை மாதங்களுக்கு ஏறத்தாழ நாள்தோறும் ஓர் ஆட்டம். ஒவ்வொன்றும் வானொலியில் விவரிக்கப்பட்டது. மறுநாள் காலைச் செய்தித்தாளில் ஒவ்வோர் அடியும் கணக்கிட்டு அச்சிடப்பட்டது. ஆகவே ஓர் அணியைப் பின்தொடர்வது என்பது ஆண்டுக்கொரு முறை வரும் திருவிழாவைக் காண்பதன்று. ஒரே குடும்பத்தின் அன்றாட நலம் கேட்பதைப் போன்றது. படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு நோயாளிக்கு நாள் முழுவதும் காத்திருக்க ஒரு காரணமும், இரவில் எண்ணிப் பார்க்க ஒரு செய்தியும் அது தந்தது.

பாஸ்டனில் அப்போது இரண்டு பெரிய அணிகள் இருந்தன. அமெரிக்கன் லீக் என்னும் பிரிவில் ஆடிய ரெட் சாக்ஸ் செல்வமும் செல்வாக்கும் மிக்கது. நேஷனல் லீக் என்னும் பிரிவில் ஆடிய பிரேவ்ஸ், 1914-க்குப் பிறகு தன் லீக்கில் ஒருமுறைகூட முதலிடம் பெறாத அணி. கட்டடம் கட்டும் ஒப்பந்தக்காரரான லூ பெரினி, அதே தொழிலைச் சேர்ந்த இரண்டு கூட்டாளிகளோடு அந்த அணியை வாங்கி, திறமை மிக்க ஆட்டக்காரர்களைச் சேர்த்து, அதற்குப் புத்துயிர் அளித்துக்கொண்டிருந்தார். நகரத்தின் அன்பில் பாதியையாவது தன் பக்கம் திருப்ப வேண்டிய தேவை அவருக்கு இருந்தது உண்மை. அத்தேவை ஒன்றே அவரை இந்த அறப்பணிக்கு இழுத்தது என்று சொல்வது பொருந்தாது. அணியின் புகழுக்காக மட்டும் உதவுபவர், அணியே நகரத்தை விட்டு நீங்கும் வேளையில், பின்னால் காணப்போவதைப் போல, அந்த நிதியைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

வெரைட்டி கிளப் பிரேவ்ஸ் அணியை அணுகியது, அணி இசைந்தது. எஞ்சியது வானொலி.

*

ரால்ஃப் எட்வர்ட்ஸ் 1940 முதல் வானொலியில் நடத்திவந்த கேள்வி விளையாட்டு நிகழ்ச்சி, சனிக்கிழமை இரவுகளில் நாடு முழுவதும் கேட்கப்பட்டது. விடை தவறினால் நகைப்புக்குரிய ஏதாவதொரு செயலைச் செய்ய வேண்டும் என்பது அதன் விதி. கேளிக்கையை அறப்பணியோடு இணைக்கும் முறையில் அவர் புதியவர் அல்லர். 1948-இன் தொடக்க மாதங்களில், காலடி ஓசையை மட்டும் ஒலிக்கச் செய்து அது யாருடையது என்று கண்டுபிடிக்கச் சொன்ன போட்டியின் வழியாக, அமெரிக்க இதய நோய்ச் சங்கத்துக்குப் பதினைந்து இலட்சம் டாலருக்கும் மேல் திரட்டித் தந்திருந்தார். அந்த ஓசைக்குரியவர் நகைச்சுவை நடிகர் ஜேக் பென்னி. வானொலியில் ஒரு புதிர் ஒரு பெருந்தொகையாக மாற முடியும் என்பதை அவர் சில வாரங்களுக்கு முன்புதான் கண்டிருந்தார்.

1948 மே 22, சனிக்கிழமை இரவு. எட்வர்ட்ஸ் இருந்தது நாட்டின் மேற்குக் கரையில், ஹாலிவுட்டின் ஒலிப்பதிவுக் கூடத்தில். சிறுவன் இருந்தது கிழக்குக் கரையில், பாஸ்டன் மருத்துவமனையின் ஓர் அறையில். இரண்டையும் வானொலி இணைப்பு சேர்த்தது.

சிறுவனின் ஒலிவாங்கி திறக்கப்படுமுன், எட்வர்ட்ஸ் நேயர்களிடம் மட்டும் பேசினார். அவனுக்குப் புற்றுநோய் என்பதை அப்போதே சொன்னார். நாடெங்கும் வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியருள் அவனும் ஒருவன் என்பதால் முழுப்பெயரைச் சொல்லப்போவதில்லை என்றார். தாம் பேசியது எதுவும் அதுவரை அவன் காதில் விழவில்லை என்பதையும் தெரிவித்தார். அதன் பிறகே இணைப்பு திறந்தது. நோய் என்னும் பேச்சு அதோடு நின்றுபோயிற்று.

எட்வர்ட்ஸ் கேட்டதெல்லாம் பேஸ்பால் பற்றித்தான். எந்த அணி பிடிக்கும் என்றார். பிரேவ்ஸ் என்று விடை வந்தது. அணியின் கேட்சர் யார் என்றார். ஃபில் மாசி என்றான் சிறுவன். அவரை நேரில் பார்த்ததுண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று அவன் சொல்லி முடிப்பதற்குள், ஃபில் மாசி அவன் அறைக்குள் வந்து நின்று தன் பெயரைச் சொன்னார்.

நாடு முழுவதும் அந்த நொடியில் கேட்டது ஒரு சிறுவன் வியப்பில் விட்ட மூச்சு. வந்தவர் எங்கே நிற்கிறார் என்று ஹாலிவுட்டிலிருந்து கேட்டபோது, தன் அறையிலேயே நிற்கிறார் என்று சொன்ன அவன் குரலில் நடிப்பு எதுவும் இல்லை. அப்படி ஒன்றை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவும் இல்லை.

அடுத்தடுத்து ஆட்டக்காரர்கள் உள்ளே வந்தார்கள். எட்டி ஸ்டான்கி, பாப் எலியட், ஜானி செயின், எர்ல் டார்ஜசன் என்று, வானொலியில் மட்டும் அவன் கேட்டுப் பழகிய பெயர்கள் ஒவ்வொன்றும் உருவம் பெற்று அவன் படுக்கையருகே நின்றன. கையொப்பமிட்ட பந்துகளும் மட்டையும், அவன் அளவுக்குத் தைத்த அணிச் சீருடையும் பரிசாக அளிக்கப்பட்டன. அணியின் மேலாளர் பில்லி சவுத்வொர்த்தும் வந்திருந்தார். பியானோ ஒன்று அறைக்குள் தள்ளிக் கொண்டுவரப்பட்டது. 1908-இல் இயற்றப்பட்டு அமெரிக்கத் திடல்கள்தோறும் பாடப்படும் பந்தாட்டப் பாடலைச் சிறுவன் சுருதி விலகிய குரலில் பாட, ஆட்டக்காரர்களும் கூடப் பாடினார்கள்.

சிறுவனின் இணைப்பு துண்டிக்கப்பட்ட பின் எட்வர்ட்ஸ் மீண்டும் நேயர்களிடம் திரும்பினார். பேஸ்பால் ஆட்டங்களைக் கேட்பதோடு பார்க்கவும் அவன் ஆசைப்படுகிறான் என்றும், அதற்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும் என்றும், குழந்தைகள் புற்றுநோய் ஆராய்ச்சிக்காகப் போதிய தொகை சேர்ந்தால் அந்தப் பெட்டி அவனுக்குக் கிடைக்கும் என்றும் அறிவித்தார். கால் டாலரோ ஒரு டாலரோ பத்து டாலரோ, இயன்றதை அனுப்பும்படி வேண்டினார்.

எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ எட்டு நிமிடங்கள்.

*

அந்த எட்டு நிமிடங்கள் ஏன் பலித்தன என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. நோயைக் கேட்டவர்கள் அஞ்சி விலகியிருக்கக்கூடும். ஆனால் அவர்கள் பெரும்பாலும் கேட்டது நோயை அன்று, தங்களைப் போலவே ஆட்டக்காரர்களின் பெயர்களை மனப்பாடமாக வைத்திருந்த ஒரு சக விசிறியின் குரலை. மாசியின் பெயரைச் சரியாகச் சொன்ன சிறுவனிடம் அவர்கள் கண்டது நெருக்கம். இரக்கம் கொடுப்பவரை உயரத்திலும் பெறுபவரைத் தாழ்விலும் நிறுத்துகிறது. ஒரே அணியைப் பின்தொடர்பவர்களுக்கு இடையில் அந்த உயர்வு தாழ்வு இல்லை. பந்தாட்டத்தின் வழியாகத் திரண்ட அறநிதிக்கும் ஏனைய கொடைகளுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கேதான் தேட வேண்டும்.

மருத்துவமனையைத் தேடி மக்கள் வந்தார்கள். ஜிம்மி, பாஸ்டன் என்று மட்டும் எழுதப்பட்ட உறைகளும் தவறாமல் வந்து சேர்ந்தன. குழந்தைகள் தங்கள் உண்டியல் காசுகளை அனுப்பினார்கள். பேஸ்பால் சீருடை அணிந்த சிறுவர் அணிகள் தகரக் குவளைகளோடு வீடு வீடாகச் சென்றன. அந்த ஆண்டின் திரட்டு முடிந்தபோது கணக்கு 2,31,000 டாலரைக் கடந்திருந்தது. சிறுவனுக்கும் தொலைக்காட்சிப் பெட்டி கிடைத்தது.

அந்தப் பெட்டியைப் பற்றி இன்னொரு செய்தி. மே 22-ஆம் நாள் பாஸ்டனில் தொலைக்காட்சி நிலையமே இல்லை. நகரத்தின் முதல் நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது ஜூன் 9-ஆம் நாளில்தான். தன் ஊரில் இன்னும் பிறவாத ஒன்றையே அந்தச் சிறுவன் விரும்பியிருந்தான்.

இதைவிட ஆழமான கால முரண் மருத்துவத்தில் இருந்தது. ஃபார்பரும் அவருடைய நான்கு உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை, நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது 1948 ஜூன் 3-ஆம் நாள். நிகழ்ச்சி ஒலிபரப்பாகிப் பன்னிரண்டு நாள்கள் கழித்து. அமினாப்டெரின் பெற்ற பதினாறு குழந்தைகளுள் பத்துப் பேருக்கு நோய் தணிந்ததை அது அறிவித்தது. அந்தத் தணிவு தற்காலிகமானது என்பதைத் தலைப்பிலேயே ஒளிவின்றிச் சொன்னது. ஆக, மருத்துவ உலகம் சான்றுகளைக் கண்ணால் காண்பதற்கு முன்பே பொதுமக்களின் நாணயங்கள் வந்து குவிந்துவிட்டன. நம்பிக்கை அறிவியலை முந்திச் சென்றிருந்தது. முந்திச் சென்ற நம்பிக்கைக்கு ஈடுகொடுக்கும் பொறுப்பு, முடிவுகள் இன்னும் உறுதிப்படாத ஓர் ஆய்வாளரின் தோள்மேல் ஏறியது. ஃபார்பர் அதன் பின்னர் ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் இருக்க முடிந்தவராக இல்லை.

அந்தக் கோடையிலேயே, ஆகஸ்ட் மாதத்தில், சுப்பாராவ் தம் 53-ஆம் வயதில் திடீரென்று காலமானார். தம் குழு ஆக்கிய மருந்தின் பெயரால் ஒரு நகரமே நாணயம் திரட்டத் தொடங்கியிருந்ததை அவர் எந்த அளவு அறிந்திருந்தாலும், அதன் பலனைக் காண அவருக்கு ஆயுள் வாய்க்கவில்லை. ஜிம்மி நிதி என்று பெயர் பெற்ற இந்த அறநிதியின் வரலாற்றைச் சொல்பவர்கள் அவர் பெயரை விட்டுவிடுவது பெருங்குறை.

*

1948-ஆம் ஆண்டு பிரேவ்ஸ் அணிக்கும் பொற்காலமாயிற்று. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் அது நேஷனல் லீக்கில் முதலிடம் பெற்றது. 14,55,000 பேருக்கும் மேல் அதன் திடலுக்கு வந்தார்கள். இரண்டு லீக்குகளின் முதலணிகளும் மோதும் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், கிளீவ்லாந்து அணியின் பெரும் பந்தெறிபவர் பாப் ஃபெல்லருக்கு எதிராக, ஜானி செயின் ஓர் ஓட்டமும் கொடாமல் பந்தெறிந்து 1–0 என்று வென்றார். அந்த ஒரே ஓட்டத்தை எடுத்தவர் ஃபில் மாசி. இரண்டாம் தளத்தில் அவர் ஆட்டமிழந்துவிட்டார் என்று எதிரணி எழுப்பிய வாதம் பல ஆண்டுகள் ஓயவில்லை. தொடரைக் கிளீவ்லாந்து 4–2 என்று கைப்பற்றியது.

நிதி திரட்டும் பணி ஒரே இரவின் எழுச்சியாக முடிந்துவிடாமல் பார்த்துக்கொண்டது திரையரங்குகளின் அமைப்பு. 1949 முதல் நியூ இங்கிலாந்தின் அரங்குகளில் படம் தொடங்குமுன் ஒரு சிறு வேண்டுகோள் படம் காட்டப்பட்டது; விளக்குகள் ஏற்றப்பட்டதும் பணியாளர்கள் வரிசை வரிசையாகக் குவளைகளை நீட்டினார்கள். திடலில் தொடங்கிய நிதி அரங்குகளின் வழியாக ஆண்டு முழுவதும் ஊறியது.

இவ்வாறு சேர்ந்த பணத்தால், மருத்துவமனைக்கு அருகே பின்னி தெருவில், ஜிம்மியின் பெயரிலேயே எழுந்த கட்டடம் 1952 ஜனவரியில் திறக்கப்பட்டது. குழந்தைகளின் புற்றுநோய்க்கென்றே ஆய்வும் சிகிச்சையும் ஒரே கூரையின்கீழ் அமைந்த அக்கட்டடத்தின் சுவர்கள், பெரும்பாலும் பெயர் தெரியாத இலட்சக்கணக்கான விசிறிகளின் சில்லறையால் ஆனவை.

*

கட்டடம் உயர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதைத் தாங்கி நின்ற அணி சரிந்துகொண்டிருந்தது.

1950-இல் பத்து இலட்சத்துக்கும் கீழே இறங்கிய பார்வையாளர் தொகை, 1951-இல் ஐந்து இலட்சத்துக்கும் குறைந்தது. 1952-இல் ஆண்டு முழுவதற்குமாக 2,81,278 பேர் மட்டுமே வந்தார்கள். சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 4,000 பேர்கூட இல்லை. எட்டு அணிகளுள் ஏழாம் இடத்தில் கிடந்த அணியை, டெட் வில்லியம்ஸ் போன்ற பெரும் ஆட்டக்காரரைக் கொண்டிருந்த ரெட் சாக்ஸ் முற்றிலும் மறைத்துவிட்டது. உள்ளூர் ஆட்டங்கள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதும் கூட்டத்தைக் குறைத்தது என்று பலரும் கருதினார்கள். நோயுற்ற சிறுவன் படுக்கையில் இருந்தபடி விரும்பியதை நலமுடைய நகரமும் விரும்பத் தொடங்கியபோது, திடலின் இருக்கைகள் வெறுமையாயின.

பெரினியின் இழப்பு பெருகியது. நடுமேற்குப் பகுதியின் மில்வாக்கி நகரம் புதியதொரு விளையாட்டரங்கை எழுப்பிவிட்டுப் பெரிய அணி ஒன்றுக்காகக் காத்திருந்தது. அங்கே ஆடிவந்த இரண்டாம் நிலை அணி பிரேவ்ஸுக்கே உரியது என்பதால் அந்நகரத்தின் மீது முன்னுரிமை பெரினியின் கையில் இருந்தது; மற்றோர் அணியின் உரிமையாளர் மில்வாக்கிக்கு இடம்பெயர முயன்றபோது, பெரினி உடனே முடிவெடுக்க வேண்டியவரானார். 1953 மார்ச் 18-ஆம் நாள், புதிய ஆட்டக் காலம் தொடங்க ஒரு மாதம்கூட இல்லாத வேளையில், நேஷனல் லீக்கின் உரிமையாளர்கள் ஃபுளோரிடாவில் கூடிப் பிரேவ்ஸ் அணியின் இடமாற்றத்துக்கு ஒப்புதல் அளித்தார்கள். பெரிய அணிகளுள் ஒன்று நகரம் விட்டு நகரம் பெயர்வது ஐம்பது ஆண்டுகளில் அதுவே முதல் முறை.

அணியைக் கொண்டு செல்ல முடிந்த பெரினியால் நிதியைக் கொண்டு செல்ல முடியாது. கட்டடம் பாஸ்டனில் இருந்தது. குழந்தைகள் பாஸ்டனில் இருந்தார்கள். ஃபார்பரின் கையில் இருந்த மருந்துகளோ இன்னும் மாதங்களைத்தான் தந்துகொண்டிருந்தன, ஆண்டுகளை அல்ல. இப்போது பணம் நின்றால் ஆய்வும் நின்றுபோகும்.

பெரினி தம் நீண்டநாள் போட்டியாளரான ரெட் சாக்ஸ் அணியின் உரிமையாளர் டாம் யாக்கியை நாடினார். இத்தனை ஆண்டுகளும் பிரேவ்ஸின் பெயரோடு பின்னிக் கிடந்த ஓர் அறப்பணியை, ரெட் சாக்ஸ் தன் பணியாக ஏற்க வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். ரெட் சாக்ஸின் மிகப் பெரிய ஆட்டக்காரரான டெட் வில்லியம்ஸ் அப்போது திடலில் இல்லை. போர் விமானியாகக் கொரியாவில் இருந்தார், முந்தைய மாதம் குண்டடிபட்டுத் தீப்பற்றிய விமானத்தைத் தரையிறக்கி உயிர் தப்பியிருந்தார்.

போட்டி அணியின் விசிறிகள் வளர்த்த நிதியை யாக்கி ஏற்பாரா? ஏற்றாலும், ஜிம்மிக்காக நாணயம் போட்ட கைகள் வேறொரு சீருடைக்காகவும் நீளுமா?

(தொடரும்)